சூசையப்பர் கொடி நம் வீட்டிலிருந்து போகாத வருடம்

பாப்பா,

உனக்கு அயர்லாந்து போக விசா வந்துவிட்டது என்பதை உன் தம்பி போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "அக்கா உங்களுக்குச் சொல்லலியா நைனா?" என்று கேட்டான். "சொன்னாளே, நான்தான் மறந்துபூட்டேன்" என்று பொய் சொன்னேன். அவன் நம்பவில்லை என்பது அவன் இருமியதிலேயே தெரிந்தது. போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். எதிரே கோயில். மத்தியான வெயிலில் கொடிமரத்தின் நிழல்கூடத் தரையில் விழவில்லை. இந்த மூன்று வருடமும் நீ செங்கல்பட்டில் இருந்துகொண்டே பேசாமல்தான் இருந்தாய். ஆனாலும் மதுராந்தகத்தில் பஸ் மாறினால் வந்துவிடலாம் என்கிற தூரத்தில்தானே இருக்கிறாள் என்று ஒரு சமாதானம் இருந்தது. இனிமேல் அதுவும் இல்லை.

இதை உனக்கு மட்டும் எழுதி ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் உன்னைப் பேசியதும், மாசிலாமணியைப் பேசியதும் ஊர் கூடியிருந்த இடத்தில். அதனால் இதுவும் ஊர் பார்க்கும்படி இருக்கட்டும் என்று நினைத்தேன். நம் பங்குக் கோயிலின் மாத இதழில் போடச் சாமியார் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் பிரதி உனக்கு. உனக்கு விருப்பமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

நம் வீட்டுக்கும் கோயிலுக்கும் உள்ள பந்தத்தை நீ சின்ன வயதில் என் வாயால் நூறு தடவை கேட்டிருப்பாய். என் தாத்தா பண்ணையில் ஏர் ஓட்டியவர். சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. குடியிருந்த மனை மட்டும்தான் அவருடையது. மாதம் ஒருமுறை செய்யூர்ப் பக்கமாக சைக்கிளில் வந்த சாமியாரிடம் எழுத்துக் கற்று, ஜெபங்களைப் படித்து, காலனி மக்களுக்குச் சொல்லிக்கொடுத்து உபதேசியார் ஆனார். கோயில் கட்ட இடம் இல்லாதபோது அந்த மனையில் பாதியை எழுதிக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியில் ஒன்பது பேரோடு குடியிருந்தார். முதல் திருவிழாவில் ஒரு சவுக்கு மரத்தைக் கொடிமரமாக நட்டு, நீலத் துணியில் சூசையப்பர் படத்தைத் தைத்து, நம் வீட்டிலிருந்து கொடி எடுத்துப் போனார்கள். ஊர்த்தெருவில் நம் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலம் அது. கொடி காலனியின் மூன்று தெருவைத்தான் சுற்றி வந்தது. அந்த மூன்று தெருவிலும் தாத்தா அழுதுகொண்டே நடந்தாராம். அவருக்கு அது எல்லாருடைய கொடி. நம் வீட்டில் இருந்ததற்குக் காரணம், அன்றைக்கு மழைக்கு ஒழுகாத கூரை நம் வீட்டில் மட்டும்தான் இருந்தது என்பதே. இந்தக் கடைசி விஷயத்தை நான் உனக்குச் சொன்னதே இல்லை. என் அப்பா சாகும் முன் என்னிடம் சொன்னார். நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அப்பா தலைமை ஆசிரியர் ஆனார். நான் தாலுகா ஆபீஸில் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா என்று சுற்று வட்டாரம் முழுக்க நம் வாசலுக்கு வந்தது. 'உபதேசியார் வூடு' என்றால் செய்யூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரன்கூட வழி சொல்வான். புதிதாக வருகிற சாமியார் முதல் சாப்பாட்டை நம் வீட்டில்தான் சாப்பிடுவார். கோயிலில் முதல் பெஞ்ச் யாரும் சொல்லாமலே நமக்குக் காலியாக இருக்கும். இதெல்லாம் யாரும் எழுதிக் கொடுத்த உரிமை இல்லை. நாளாக ஆக, நான்தான் அதை எழுதிக் கொடுத்த உரிமையாகவே நினைத்துக்கொண்டேன். திருவிழாவின் முதல் நாள் மாலை தட்டில் கொடியை வைத்து நம் வாசலில் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிப்பார். வெள்ளை கவுன் போட்டு, மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நீ முன்னால் நடப்பாய். நான் கொடிக்குப் பின்னால் வருவேன். மேள சத்தத்தில் உன் பின்னல் இரண்டும் ஆடும். அந்த ஒன்பது நாளுக்காகவே வருடம் முழுக்க உயிரோடு இருப்பதாக எனக்குத் தோன்றும்.

அந்தப் பின்னலைப் போட்டது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மா தவறியபோது உனக்கு ஒன்பது வயது. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், தலை வாரத் தெரியாது. முதல் நாள் உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்ப நான் சீப்போடு போராடிக்கொண்டிருந்தபோது, கோயிலைக் கூட்டிவிட்டுத் துடைப்பத்தோடு வந்த ரெஜினா வாசலில் நின்று பார்த்துச் சிரித்தாள். "குடுங்க அண்ணா, புள்ள மண்டைய வைக்கோல்போர் ஆக்கிட்டீங்க" என்று துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து நீ நர்ஸிங் படிக்கப் போகிற வரை தினமும் காலையில் வந்தாள். நீ முதல் நற்கருணை வாங்கிய உன் புதுநன்மைக்குப் பூ வைத்ததும் அவள்தான். நீ பெரியவளானபோது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னதும் அவள்தான். நான் அவளுக்கு நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நம் வீடு கோயிலுக்கு எதிரே, வருகிறாள், போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

அவள் புருஷன் மாசிலாமணி என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவன். என்னைவிட ஒரு வயது சின்னவன். நான் ஆபீஸில் சேர்ந்த பிறகு 'அண்ணாத்த' என்று கூப்பிட ஆரம்பித்தான். ஊரில் பாதி வீடு அவன் கை கட்டியது. நம் மாடியும் அவன் கட்டியதுதான். புயலில் விரிசல் விட்ட மணிக்கூண்டை இடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து, கூலி வாங்காமல் புதிதாக எழுப்பினான். அவனுடைய சொந்த வீடுதான் இன்றைக்கும் பூச்சு வேலை முடியாமல் செங்கல் தெரிய நிற்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் கோயிலில் நடந்த அந்த ஏப்ரல் மாதக் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். நீ லீவில் வந்திருந்தாய். திருவிழா வேலைகளைப் பிரித்துக் கொடுத்து முடித்தபோது மாசிலாமணி எழுந்து நின்றான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாத்த, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த ஒரு வருசம் கொடி எங்க வூட்லர்ந்து பொறப்படட்டுமே. ஒரே ஒரு வருசந்தான்."

"எதுக்கு?" என்றேன்.

"சும்மா, ஒரு ஆசதான்."

அவன் ஆசை என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற பையன்கள் சிலர் சில வருடமாகவே 'எப்பவும் ஒரே வூடுதானா' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்தான் இவனைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். "எங்க வெப்ப கொடிய? ஆட்டுக்குட்டி கட்டுற எடத்துலயா?" என்றேன்.

நம் பங்காளிகள் சிரித்தார்கள். மாசிலாமணி துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து நீ எழுந்தாய்.

"நைனா, அப்டிப் பேசாதீங்க. மன்னிப்புக் கேளுங்க."

"கோயில் விசயத்துல நீ வாய வெக்காத. ஒக்காரு."

நீ உட்காரவில்லை. கடைசியில் சுவரோரம் இருந்த ரெஜினாவிடம் போய், கையைப் பிடித்துத் தூக்கி, வெளியே அழைத்துக்கொண்டு போனாய். அவள் அவ்வளவு மெதுவாக எழுந்ததை நான் பார்த்தேன். அவமானத்தில் நடக்கிறாள் என்று நினைத்தேன், பாப்பா. வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து நீ பையில் துணிகளை அடுக்கினாய். "எனக்குத் தல வாரிவுட்ட கை நைனா அது. அந்த வூட்டப் போய் ஆட்டுக்குட்டி கட்டுற எடம்னு சொல்றீங்க" என்றாய். "நான் வூட்டத்தான் சொன்னேன், அவளச் சொல்லல" என்றேன். "வூட்டச் சொன்னா, வூட்ல கீறவங்களத்தான் சொல்றது" என்றாய். கோபத்தில், "அவ்ளோ பாசம்னா அங்கயே போயிரு" என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்று நீ என் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டாய். அது என்னவென்று எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மாசிலாமணி பக்கத்து ஆட்கள் தனியாகக் கொடி தைக்கப் போகிறோம் என்றார்கள். இரண்டு பக்கத்துப் பையன்களும் கொடிமரத்தடியில் தள்ளுமுள்ளு செய்தார்கள். சாமியார் வந்து, "ரெண்டு கொடி ஏறுற கோயில்ல திருவிழா வேணாம். பூசை மட்டும் வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். மூன்று மே மாதம் கொடி இல்லை, தேர் இல்லை, மேளம் இல்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் வருவதை நிறுத்தினார்கள். நான் மட்டும் ஒவ்வொரு மேயிலும் கொடியை எடுத்து வெயிலில் காட்டி மடித்து வைத்தேன். விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமைகூட இருந்தது. எதைக் காப்பாற்றினேன் என்று நீ கேட்டால் இன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது வருட மழைக்காலத்தில் ரெஜினா போய்ச் சேர்ந்தாள். மார்பில் கட்டி என்றார்கள். கடைசி இருபது நாளும் நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள், நீதான் கூட இருந்தாய். அடக்கத்தன்று நான் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கோயிலில் பூசையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். கல்லறையில் மண் போடும்போது நீ மாசிலாமணிக்குப் பக்கத்தில் மகள் மாதிரி நின்றிருந்தாய். என் பக்கம் நீ திரும்புவாய், ஒரு தடவையாவது திரும்புவாய் என்று உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓடினார்கள். நீ அவனோடு குடைக்குள் போனாய்.

இந்த வருடம் தவக்காலத்தில் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஏழு நாளும் நம் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியரிடம் யாருக்கு என்ன வேலை? இப்போது எல்லாச் சான்றிதழும் கம்ப்யூட்டரில் வருகிறது. படுத்துக்கொண்டு கோயில் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மணிக்கூண்டைக் கட்டியவனிடம் நான் பேசி மூன்று வருடம் ஆகிறதே என்று தோன்றியது. காய்ச்சல் விட்ட மறுநாள் கிளம்பினேன். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடலோரத்தில் கட்டுகிற ஒரு விடுதியில் அவன் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு, கூவத்தூர், கல்பாக்கம் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் நடக்க எனக்கு மூச்சு வாங்கியது.

அவன் சாரத்திலிருந்து என்னைப் பார்த்து இறங்கி வந்தான். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. அதில் பாதி சிமென்ட்டா, வயதா என்று தெரியவில்லை.

"இன்னா சார், இவ்ளோ தூரம்?"

'சார்' என்றான். அறுபது வருடப் பழக்கத்தில் அன்றுதான் முதல் தடவை.

"ஒன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

"இல்ல மாசிலாமணி, நான்தான் வரணும். இந்த வருசம் கொடிய ஒன் வூட்டுக்கு எடுத்தாரேன். அங்கேர்ந்து பொறப்படட்டும்."

அவன் பூச்சுக் கரண்டியை வாளித் தண்ணீரில் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

"வேணாம் சார்."

"கோவம் இன்னும் போவலியா?"

"கோவம்லாம் இல்ல. கேட்டவ போய்ட்டா, இப்ப எதுக்கு? அது என் ஆசன்னா நெனச்ச? கொடி எங்கேர்ந்து போனா எனக்கு இன்னா? ரெஜினாதான் கேட்டா. அப்பவே டாக்டர் சொல்லிட்டாரு. ஊர்ல யாருக்கும் சொல்லல. ஒம் பொண்ணுக்கு மட்டுந்தான் தெரியும், அது நர்ஸுன்றதால. 'முப்பது வருசமா அந்தக் கோயிலக் கூட்டுறேன், ஒரு தடவ நம்ம வாசல்லர்ந்து கொடி போவட்டும், பின்னாலயே நடந்து வந்துர்றேன்'னா. அதான் எந்திரிச்சிக் கேட்டேன்."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாசிலாமணி."

"சொல்லியிருந்தா, நோவுக்குப் பரிதாபப்பட்டுக் குடுத்திருப்ப. அப்டி வேணாம்னா அவ. ஒம் பொண்ணுகிட்டயும் சத்தியம் வாங்கிக்கினா."

மணலில் உட்கார்ந்துவிட்டேன். அன்று வீட்டில் நீ சொல்ல வந்து விழுங்கியது இதுதான் என்று புரிந்தது. கூட்டத்தில் அவள் மெதுவாக எழுந்ததும் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இறங்கியிருப்பேன் என்று தெரிந்தும், கொடுத்த சத்தியத்துக்காக நீ அப்பனை இழந்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது. கடற்காற்றில் யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாசிலாமணி தன் தூக்குவாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "சாப்ட்டியா? கருவாட்டுக் கொழம்புதான்" என்று மூடியில் பாதிச் சோற்றை வைத்துக் கொடுத்தான். சமாதானம் ஆகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் அனுமதி கேட்டுவிட்டு எழுந்து நின்றேன். எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்தேன், கண்ணாடி கொண்டுவரவில்லை. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மூணு வருசத்துக்கு முன்னால இதே எடத்துல மாசிலாமணியப் பாத்து ஒரு வார்த்த சொன்னேன். அது தப்பு. அவன்கிட்டயும், இப்ப இல்லாத ரெஜினாகிட்டயும், ஒங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்குறேன். கொடி இனிமே எங்க வூட்ல இருக்காது" என்றேன். நம் கூரை ஒழுகாததால்தான் அது நம் வீட்டுக்கு வந்தது என்பதையும் சொன்னேன். பங்காளிகளில் ஒருவர், "பெரியவரு குடுத்த எடத்துலதான்யா இந்தக் கோயிலே கீது!" என்று கத்தினார். "குடுத்துட்டாரு இல்ல? குடுத்தது குடுத்ததுதான்" என்றேன்.

ஊரில் இருக்கிற எல்லா வீட்டுப் பெயரையும் சீட்டு எழுதிக் குலுக்குவது என்று முடிவானது. இந்த வருடம் நம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மாசிலாமணியும் தன் பெயர் வேண்டாம் என்றான். சாமியார் எடுத்த சீட்டில் ஏரிக்கரையோரம் தகரக் கூரை வீட்டில் இருக்கிற லூர்துமேரியின் பெயர் வந்தது. மணிலாக் கடலை பிடுங்கப் போகிறவள், நூறு நாள் வேலைக்குப் போகிறவள். கோயிலில் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவாள், உனக்கு முகம் நினைவிருக்கலாம். "அய்யய்யோ, எங்க வூடா? தரையே இல்லியே ஃபாதர்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாளே மாசிலாமணி இரண்டு மூட்டை சிமென்ட்டோடு போய்விட்டான். மூன்று நாளில் அவள் வீட்டுக்குத் தரை போட்டு, முன்சுவர் பூசிக் கொடுத்தான். நான் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் "போதும் அண்ணாத்த, இடுப்பு பூடும்" என்றான்.

திருவிழா முதல் நாள் மாலை நம் வாசலில் யாரும் இல்லை. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வலித்தது. ஐந்து மணிக்குப் பழக்க தோஷத்தில் வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. கடைசியில் கொடிமரத்தடியில் கூட்டத்தோடு நின்றேன். மேளம் ஏரிக்கரைப் பக்கமிருந்து கேட்க ஆரம்பித்தது. எத்தனை வருடம் அந்த மேளத்துக்குள்ளேயே நடந்திருக்கிறேன்! அது தூரத்திலிருந்து பக்கத்தில் வருவதை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். திருப்பத்தில் முதலில் மெழுகுவர்த்திகள் தெரிந்தன. பிறகு பெண்கள், பிறகு தட்டில் அந்த நீலத் துணி. லூர்துமேரி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் போல வேகமாக வந்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் இத்தனை காலமும் கொடியின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன், பாப்பா. அது முன்னால் வரும்போது இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முப்பது வருடம் ரெஜினா நின்றது இந்த இடத்தில்தான். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் ஒரு தடவை பின்னால் நடக்க ஆசைப்பட்டிருக்கிறாள்.

கொடி ஏறும்போது மாசிலாமணி எனக்கு இரண்டு ஆள் தள்ளி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். "இன்னா, படம் புடிக்கிறியா?" என்றேன். "ஒம் பொண்ணு லைன்ல கீது. டூட்டியில கீதாம். 'ரெண்டு நிமிசம் காட்டுங்க சித்தப்பா'ன்னுச்சு" என்றான். நான் எட்டிப் பார்த்தேன். திரையில் கட்டைவிரல் அளவுக்கு உன் முகம். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தாய். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாய், எனக்கு அதுகூடத் தெரியாது. நீ கொடியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசிலாமணி போனை என் பக்கம் நீட்டி, "பேசுறியா?" என்றான். தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். யாரோ உன்னை உள்ளே கூப்பிட்டார்கள், படம் நின்றுவிட்டது. அதிலிருந்து இன்று வரை அந்த இரண்டு நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்குப் புத்திமதி சொல்கிற யோக்கியதை எனக்குக் குறைவு. ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே கோயிலுக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். போனால் முன் பெஞ்சில் உட்காராதே. அந்தக் கோயிலை யார் கூட்டுகிறார்கள் என்று பார்த்து, பெயர் கேட்டு வைத்துக்கொள். கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன், பயப்படாதே. குளிரில் காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயதிலேயே காது வலி வரும்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரெஜினா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள் பென்ஷன் வேலையாக நான் செங்கல்பட்டு வந்தேன். வேலை பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி கேட் வரை வந்தேன். பழக் கடையில் சாத்துக்குடி வாங்கினேன். உள்ளே போனால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். நீ என்னைத் திருப்பி அனுப்பிவிடுவாயோ என்று பயம். அதைவிட, வா என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். பையை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நீ அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடத்தில் நான் அந்தப் பக்கம் வந்தது அந்த ஒரு தடவைதான்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். எனக்காக லீவு போடாதே. டூட்டி எத்தனை மணிக்கு முடிந்தாலும் இருக்கிறேன், எனக்கு வேறு வேலை கிடையாது. இந்தத் தடவை கேட்டுக்கு உள்ளே வந்துவிடுவேன். அன்று போனில் எனக்கு வராத வார்த்தை, 'தப்பு என்னோடதுதான், பாப்பா' என்பது. நேரிலும் அது வராமல் போகலாம், அதனால் இங்கேயே எழுதிவிட்டேன். நீ பதில் ஒன்றும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் நின்று ஒரு டீ குடித்தால் போதும். நான் டம்ளரை மெதுவாகத்தான் காலி பண்ணுவேன், அதற்கு மட்டும் அவசரப்படுத்தாதே.

நைனா